பாதி வணக்கம்

என் மனைவிக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்பதைக் கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆள் நான்தான். பால்காரருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து வருடமாகப் பொறியியல் கல்லூரியில் சிக்னல் பிராசஸிங் பாடம் நடத்துகிற எனக்கு, காதுக் கருவிகளைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த எனக்கு, தெரியவில்லை. நான் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அப்படி எடுத்துக்கொள்ள எனக்குப் போதுமான காரணங்கள் இருந்தன.

வீடு காரைக்குடியில். அவள் பள்ளத்தூரில் ஒரு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. காலையில் அவள் வடக்கே பஸ் ஏறுவாள், நான் தெற்கே பஸ் ஏறுவேன். மாலையில் வீடு திரும்பியதும் நான் பேசுவேன், அவள் தலையாட்டுவாள். நல்ல இல்லறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் காது பரிசோதனை செய்யும் அம்மா ஒருவர் இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டு காதிலும் நரம்பு பலவீனம். போன செவித்திறன் திரும்ப வராது, ஆனால் கருவி வைத்தால் நன்றாகவே சமாளிக்கலாம் என்றார். எங்களுக்குக் கட்டுப்படியான விலையில் ஒன்று வாங்கினோம். காதுக்குப் பின்னால் சுண்டுவிரல் அளவு பெட்டி, அதிலிருந்து காதுக்குள் ஒரு குழாய். அதை மாட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போன முதல் நாளே தகராறு ஆரம்பித்தது. கருவி கத்தியது.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் கூ என்று ஒரு கூச்சல் கிளம்பும் அல்லவா, அதேதான். காதுக் கருவியில் மைக்கும் ஒலிபெருக்கியும் இரண்டு அங்குல இடைவெளியில் குடித்தனம் நடத்துகின்றன. காதுக்குள் போன சத்தம் கொஞ்சம் வெளியே கசியும். கசிந்ததை மைக் மறுபடி பிடிக்கும், கருவி மறுபடி பெருக்கும். சுற்றிச் சுற்றி வந்து விசிலாகிவிடும். காதுக்குப் பக்கத்தில் கையோ முந்தானையோ வேறொருவர் தலையோ வந்தால் கசிவு இன்னும் அதிகம்.

ஒன்றாம் வகுப்பில் வேறொருவர் தலை வராமல் இருக்குமா? அந்த வயதுப் பிள்ளைகள் முக்கியமான எதையும் சத்தமாகச் சொல்வதில்லை. பென்சில் காணாமல்போனது, வயிறு வலிப்பது, வீட்டில் அப்பா தட்டை வீசியது எல்லாம் டீச்சர் காதுக்குள்தான் சொல்லப்படும். ஒரு பிள்ளை ரகசியம் சொல்லக் காதருகே வரும், கருவி வீல் என்று கத்தும், பிள்ளை பயந்து பின்னால் போகும். ஒருத்தி அழுதேவிட்டாளாம். மூன்றாம் நாள் என் மனைவி கருவியைக் கழற்றி வளையல் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள்.

அதன் பிறகுதான் அந்த மத்தியானம் வந்தது. அவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு சின்னப் பெண் பின்னால் வந்து நின்று, வெளியே போக வேண்டும் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறது. இவளுக்குக் கேட்கவில்லை. பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் சிரிக்க, தேம்பித் தேம்பி அழுதது. மறுநாள் அதன் தாய் வந்தார். சண்டை போடவில்லை. தலைமையாசிரியையிடம் தணிந்த குரலில், "டீச்சருக்குக் காது கேக்காதாமே, ஒண்ணாப்புப் புள்ளைகள எப்புடி விட்டுட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்ததாம் என் மனைவிக்கு.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. அறையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பைப் புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்துவிடலாம், இவள் அலுவலகப் பதிவேடுகளையும் நூலக அலமாரியையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். இவள் விடுமுறை வரைக்கும் அவகாசம் கேட்டிருக்கிறாள். "சரி, பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு நானே வந்து வகுப்பப் பாக்குறேன். அதுக்குப் பெறகு முடிவு பண்ணுவோம்" என்றாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் லேசில் அழுகிறவள் இல்லை.

"புள்ளைகள எங்கிட்டேருந்து எடுத்துட்டாகன்னா, நான் எதுக்குங்க பஸ் ஏறி அங்குட்டுப் போகணும்? அலமாரியத் தொடைக்கவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஆய்வேட்டின் தலைப்பே காதுக் கருவியில் அந்த விசிலை அடக்குவதுதான். ஆறு வருடமாக அதை எழுதிக்கொண்டிருந்தேன், கணினித் திரையில் அடக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டு வளையல் டப்பாவில் ஒரு கருவி கிடக்கிறது என்பது என் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமுள்ள செய்தியாக எனக்குத் தோன்றவே இல்லை. அது ஐப்பசி மாதம். டிசம்பர் கடைசிக்குள் அவள் காதில் மாட்டக்கூடிய ஒன்றைச் செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் செய்ய நினைத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடாப்டிவ் ஃபில்டர் என்பது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கணக்கு. காதுக்குள் அனுப்பிய சத்தத்தில் எவ்வளவு கசிந்து மைக்குக்கு வந்திருக்கும் என்று அது ஊகிக்கும். ஊகித்ததைக் கழிக்கும். கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் ஊகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். நொடிக்குப் பல்லாயிரம் தடவை இது நடக்கும். கையைக் காதருகே கொண்டுபோனால் கசிவு மாறும், கணக்கும் கூடவே மாறிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். அவசரப்பட்டால் தறிகெட்டு ஓடும், சோம்பல்பட்டால் விசில் முந்திக்கொள்ளும்.

சர்க்யூட் வரைந்து, போர்டு செய்யக் கொடுத்து, அது கூரியரில் வந்து சேர்ந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதன்மேல் பாகங்களைப் பற்றவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்து மேசையில் உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன். பாதி வேலையில் ஒரு தும்மல். எள் அளவுள்ள கபாசிட்டர் ஒன்று காணாமல்போய்விட்டது. எங்கள் கூடத்துத் தரை ஆத்தங்குடிக் கல். கல்லுக்குக் கல் பூவும் கொடியும். அதில் எள்ளைத் தேடுவதற்கு ஆண்டவனே இறங்கி வர வேண்டும். நான் கத்திக்கொண்டிருந்தபோது அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து, தரையோடு தரையாகத் தடவி, ஐந்து நிமிடத்தில் கபாசிட்டரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு என் முகத்தில் வந்திருக்க வேண்டிய நன்றி வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

முதல் போர்டு உர்ரென்று இரைந்தது. பேட்டரிப் பக்கத்து இரைச்சல் மைக் கம்பிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் பொதுவாக இருந்த கிரவுண்டுப் பாதையைப் பிரித்து இரண்டாவது போர்டு வரைந்தேன். அது அமைதியாக இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்து, சத்தம் எந்த நிலையிலும் காதைப் பாதிக்கும் அளவுக்கு ஏறாது என்று சோதித்து வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் காதில் மாட்டினேன்.

"கைய வச்சுக் காதப் பொத்து" என்றேன். பொத்தினாள். விசில் இல்லை. முந்தானையால் மூடினாள், தலையணையில் சாய்ந்தாள், நான் என் தலையைக் கொண்டுபோய் அவள் காதோடு ஒட்டிக்கொண்டேன். விசில் இல்லவே இல்லை.

"ஃபேன் சத்தம் இம்புட்டு அசிங்கமாவா இருக்கும்?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மூச்சு விடுறது கேக்குது" என்றாள்.

அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. கல்லூரி லேபில் எடுத்த கிராஃப் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. பேச்சுக்கு எந்தச் சேதாரமும் இல்லை என்று நாலாம் அத்தியாயத்தில் எழுதி என் நெறியாளருக்கு அனுப்பினேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை குக்கரில் பருப்பு தீய்ந்தது. வீடு முழுக்கக் கரிந்த நாற்றம். அவள் அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை விசில்?" என்றேன்.

"விசிலே வரலயே. டக்குன்னு என்னமோ ஒரு சத்தம் வந்துச்சு, நின்டுபோச்சு. ரெண்டு மூணு தடவ அப்புடித்தான்."

"காதுக்குள்ள மெஷின் இருக்கு. பக்கத்துல குக்கர் இருக்கு. மூணு தெரு தள்ளிக் கேக்குற விசில் உனக்குக் கேக்கலன்னா, கவனம் வேற எங்கயோ இருந்துச்சுன்னு அர்த்தம்."

அவள் எழுந்தாள். பாத்திரத்தை ஊறப்போட்டாள். என் கோபத்துக்குப் பதில் சொல்வதைவிடக் கரியைச் சுரண்டுவது சுலபம் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கருவியோடு பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வாசலிலேயே நின்று காத்திருந்தேன், பாராட்டு வாங்கிக்கொள்ள. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"ரகசியம் சொல்ல வந்த புள்ளைக யாரும் பயப்படல. நல்லா கேட்டுச்சு. ஆனா காலையில பாதி வணக்கம்தான் சொன்னாக."

ஒன்றாம் வகுப்பு வணக்கம் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. முப்பது பேரும் எழுந்து நின்று, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, ராகம் போட்டு, "வணக்க்க்கம் டீச்ச்சர்ர்ர்" என்று முடிக்க அரை நிமிடம் ஆகும். அவளுக்கு 'வண' என்பது கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு சத்தம் தரைக்குள் போய்விட்டது. வாய்ப்பாடும் அப்படித்தான். ஓரொண்ணு ஒண்ணு என்று இழுக்க ஆரம்பித்தால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

"எம் மெஷினப் பாத்துப் பயந்துக்கிட்டு மெதுவாச் சொல்லுதுகளோ என்னமோ" என்றாள்.

"திங்கட்கிழமை, பிள்ளைகள் தூங்கி வழிஞ்சிருக்கும். கிராஃப்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப அந்தக் கிராஃபக் கூட்டிட்டுப் போயி ஒண்ணாப்புல உக்கார வைங்க. எனக்குக் கேக்கலன்னு நான் சொல்றேன், கேக்குதுன்னு நீங்க சொல்றீக. காது யாருது?"

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, ரெக்கார்டரும் கையுமாகப் பள்ளத்தூர் போனேன். தலைமையாசிரியை அனுமதித்தார். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, கருவிக்குள் போகிற சத்தத்தையும் கருவியிலிருந்து வருகிற சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். பிள்ளைகள் யாரும் மெதுவாகச் சொல்லவில்லை. கூரை பறக்கிற மாதிரி சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், நான் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஃபெயிலானேன் என்று விசாரித்தான்.

லேபுக்கு வந்து இரண்டு பதிவையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மேலே முழு வணக்கம். கீழே பாதி வணக்கம். சத்தம் இழுபட ஆரம்பித்த அரை நொடிக்குள் என் ஃபில்டர் அதைக் கழிக்கத் தொடங்கியிருந்தது.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கசிவு என்பது என்ன? சற்று முன் நான் அனுப்பிய சத்தமே திரும்பி வருவது. ஆகவே சற்று முன் அனுப்பியதைப் போலவே எது வந்தாலும் அது என் கசிவு என்று ஃபில்டர் முடிவுகட்டுகிறது. சாதாரணப் பேச்சு நொடிக்கு நொடி மாறும், அதனால் பிழைத்துக்கொள்ளும். இழுத்துப் பாடுகிற சத்தம் இப்போதும் அப்படியே இருக்கும், சற்று முன்னும் அப்படியேதான் இருந்தது. குக்கர் விசிலும் அந்த ஜாதிதான். ஃபில்டர் அதைத் தன் கசிவு என்று நம்பிக் கழித்துவிடுகிறது. ஆறு வருடம் உழைத்து, பிள்ளைகளின் வணக்கத்தைத் தின்கிற ஒரு யந்திரத்தைக் கட்டியிருக்கிறேன்.

சோதனையில் இது ஏன் தெரியவில்லை? சோதனைக்கு நான் பயன்படுத்திய குரல் என்னுடையது. என் பாடக் குறிப்புகளை நானே வாசித்துப் பதிவு செய்துவைத்திருந்தேன். கல்லூரியில் பின் பெஞ்சுக்காரர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் எக்ஸ்பிரஸ். எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் பேசுகிற ஆள். என் பேச்சில் கால் நொடிக்கு மேல் நீடிக்கிற எழுத்து ஒன்றுகூட இருக்காது. என்னைப் போன்றவர்கள் மட்டுமே வாழும் உலகத்துக்கு அந்தக் கருவி மிகப் பொருத்தமாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நீங்க பேசுற வேகத்துலயாங்க ஒலகம் பூராம் பேசுது?" என்றாள். பிறகு, "அப்ப அந்தப் பருப்பு?" என்றாள்.

"பருப்பும் என் தப்புதான்" என்றேன். பதினெட்டு வருடத்தில் சமையல் விஷயத்தில் நான் கேட்ட முதல் மன்னிப்பு அது. அவள் அதை நிதானமாக அனுபவித்தாள்.

நெறியாளருக்கும் போன் செய்தேன். நாலாம் அத்தியாயம் தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர், "அந்தத் தப்பையும் அத்தியாயத்துக்குள்ள எழுதுங்க. உங்க மனைவி சொன்னதை விட்டுடாதீங்க" என்றார். ஆய்வேட்டுக்கு இன்னும் ஆறு மாதம் வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் திறக்கும் நாளைத் தள்ளிப்போட யாராலும் முடியாது.

அடுத்த மூன்று வாரம் எனக்கு ஏறுமுகமாக இல்லை. ஃபில்டர் கற்றுக்கொள்கிற வேகத்தைக் குறைத்தேன். வணக்கம் திரும்பி வந்தது, கூடவே விசிலும் வந்தது. இழுபடுகிற சத்தம் எதுவாக இருந்தாலும் கைவைக்காதே என்று ஃபில்டருக்குக் கட்டளை எழுதினேன். ஆனால் விசிலும் இழுபடுகிற சத்தம்தானே? அதையும் தொடாமல் விட்டுவிட்டது, அது காதைப் பிய்த்தது. பிள்ளையின் இழுப்பும் கருவியின் கூச்சலும் ஒரே அச்சாக இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது? அரையாண்டுத் தேர்வு ஆரம்பித்துவிட்டது. அவள் அந்தக் குறைக் கருவியையே மாட்டிக்கொண்டு போய் வந்தாள். முடியவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சாயங்காலம் தலைவலியோடு படுத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கூடத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டம்மா எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இவள் வெள்ளைப் பணியாரம் கொடுத்தனுப்பிய வாளி. இவள் வாங்கியவுடன் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது நம்மளுது இல்லீங்க. எங்க அம்மா வீட்டு எழுத்து வெட்டியிருக்கும். இதுல இல்ல."

பக்கத்து வீட்டம்மா சிரித்துக்கொண்டே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். அளவு, கைப்பிடி, மூடியின் ஒடுக்குகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் விளிம்பில் புள்ளிப் புள்ளியாக எழுத்து இருந்தது. எங்கள் பக்கம் சீர் சாமானில் ஒரு கரண்டிகூடப் பெயர் வெட்டாமல் வீட்டை விட்டுப் புறப்படாது. ஊருக்கெல்லாம் பலகாரம் போகும், பாத்திரம் திரும்பி வரும், யாருடையது என்று யாரும் சண்டை போட்டதில்லை.

என் ஃபில்டர் பெயர் வெட்டாமல் பாத்திரம் அனுப்புகிறது. பிறகு தன்னுடையதைப் போல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் தன்னுடையது என்று பிடுங்கிக்கொள்கிறது. அனுப்பும்போதே ஓர் அடையாளம் போட்டுவிட்டால்? காதுக்குள் அனுப்புகிற சத்தத்தின் சுருதியை மயிரிழை அளவு தள்ளிவைத்தால், திரும்பி வருகிற கசிவு அந்த மயிரிழை வித்தியாசத்தோடுதான் வரும். பிள்ளைகளின் வணக்கம் தன் சுருதியிலேயே வரும். இரண்டும் ஒன்றல்ல என்று ஃபில்டருக்குத் தெரிந்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இந்த முறையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நானும் வருடங்களுக்கு முன்பே படித்திருக்கிறேன். சத்தத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று மூக்கைச் சுளித்து ஒதுக்கியவன் நான். தூய்மை யாருக்கு வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.

எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் பாடு. அதிகம் தள்ளினால் எல்லாக் குரலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி நடுங்கியது. குறைவாகத் தள்ளினால் பழைய கதை. அளவைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவள் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், யாராவது ஒன்றாம் வகுப்பு மாதிரி இழுக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். நாற்பத்தாறு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று "வணக்க்க்கம் டீச்ச்சர்ர்ர்" என்று நூறு தடவைக்கு மேல் சொன்னேன். சத்தம் அறுந்தால் அவள் கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள், தூக்கினாள், தூக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

விடுமுறையின் ஐந்தாம் நாள் கை தூக்குவது நின்றது. நான் இழுத்தேன். அவள் கை மடியிலேயே இருந்தது. மூச்சு முட்டும்வரை இழுத்தேன். அப்போதும் இருந்தது.

"போதும், கேக்குது. எங்க புள்ளைக உங்கள விட நல்லாச் சொல்லுவாக" என்றாள்.

அன்று பருப்பு வைத்தாள். வேண்டுமென்றே கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கி எண்ணி, எழுந்து போய் அடுப்பை நிறுத்தினாள். நான் அழுதுவிட்டேன். ஒரு குக்கருக்காக அழுத உதவிப் பேராசிரியர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. கருவி ஏதாவது கோளாறு செய்தால் கூட இருக்க வேண்டும் என்று நானும் போனேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும், "வாங்க சார், இங்குட்டு உக்காருங்க" என்று தன் அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். மேசையில் புதிய வகுப்புப் பட்டியல் இருந்தது. யாருக்கு எந்த வகுப்பு என்று எழுத வேண்டிய கட்டங்கள் பென்சிலால் நிரப்பப்பட்டிருந்தன. ஒன்றாம் வகுப்புக்கு நேரே இருந்த எழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அது என் மனைவி பெயரின் முதலெழுத்து இல்லை, புதிய டீச்சருடையது.

"வாங்க, பாத்துட்டு வந்துருவோம்" என்று எழுந்தார்.

இருவரும் ஒன்றாம் வகுப்புக் கதவுக்கு இப்பால், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி நின்றோம். அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒன்று, உள்ளேன் டீச்சர். இரண்டு, உள்ளேன் டீச்சர். தலைமையாசிரியை என் பக்கம் குனிந்து, "முன்னாடியெல்லாம் ஒவ்வொரு நம்பருக்கும் நிமிந்து வாயப் பாப்பாக" என்றார். இப்போது அவள் நிமிரவில்லை. பேனா மட்டும் கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. சில குரல்கள் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பதினாறு, உள்ளேன் டீச்சர்.

பதினேழு. ஒரு நொடி தாமதம். பிறகு மெல்லிய குரலில், இழுத்து, உள்ளேன் டீச்சர்.

பேனா நின்றது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். கேட்காமல் போய்விட்டதோ, கருவி அறுத்துவிட்டதோ என்று என் கை தானாகவே சட்டைப் பையிலிருந்த மாற்றுப் பேட்டரியைத் தேடியது.

குனிந்த தலை நிமிராமல் அவள் சொன்னாள்: "பதினேழு இன்னும் ஊர்லேருந்து வரலயா? பதினாறு, நீ உனக்கு மட்டும் சொன்னாப் போதும்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒரு பெண், "அவ கல்லலுக்கு அவுக மாமா வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர்" என்றாள். "சரி, நாளைக்கு வந்தா எனக்குச் சொல்லு" என்று என் மனைவி கட்டத்தில் ஒரு சுழி போட்டாள்.

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி நடந்தார், நானும் பின்னால் போனேன். அறை வாசலில் நின்றார்.

"நான் இந்த ரெண்டையும் தெனம் பாக்குறேன் சார். எனக்கே அது பதினேழு குரல்னுதான் பட்டுச்சு."

உள்ளே போய்ப் பட்டியலை எடுத்தார். மேசை டிராயரில் அழிரப்பரைத் தேடினார். அது கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.